திறைசேரி உண்டியல், முறி, விளைவு வீதம்: என் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். பாதிக் காலம் கல்முனையில், மீதி மட்டக்களப்பு நகரில். ஓய்வுபெற்ற பிறகுதான் கேள்வி கூடியது. பணிக்கொடைக் காசு கைக்கு வந்தவர்கள், வேளாண்மை வெட்டி விற்றவர்கள், காணி விற்றவர்கள் கல்லடியில் என் விறாந்தைக்கு வந்து உட்காருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்படியே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

திறைசேரி உண்டியல் எண்டா என்ன சேர்? கோயில் உண்டியல் மாதிரியா?

கோயில் உண்டியலில் போட்ட காசு திரும்பி வராது, இதில் வரும். கட்டாரில் இருந்து மகன் வங்கிக்கு வெளியே ஆள் மூலம் 'உண்டியலில்' அனுப்புகிற காசுக்கும் இதற்கும்கூடச் சம்பந்தமில்லை. பழைய வணிகத்தில் உண்டியல் என்றால் 'இந்த நாளில் இவ்வளவு தருவேன்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் அப்படியொரு சீட்டு. 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று வகை.

இதில் வட்டியைத் தனியாகத் தருவதில்லை, முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். 364 நாள் உண்டியல் 8 வீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஏறக்குறைய 92,600 ரூபா கட்டினால், தவணை நாளில் 1 இலட்சம் வரும். இடையிலுள்ள 7,400 ரூபாதான் உங்கள் வட்டி.

அப்ப திறைசேரி முறி எண்டுறது? பேப்பரில பிணைமுறி எண்டும் போடுறாங்க.

இரண்டும் ஒன்றுதான். முறி என்பது நீண்டகாலக் கடன்: 2 வருடம், 5 வருடம், 10 வருடம், சிலது 30 வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அதைக் கூப்பன் என்பார்கள். போட்ட முதற்காசு, தவணை முடியும் முதிர்வு நாளில் வரும்.

'பிணைமுறி' என்றதும் எங்கள் ஆட்களுக்கு 'மோசடி' என்ற சொல்லும் கூடவே ஞாபகம் வருகிறது. 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி நடந்த 30 வருட முறி ஏலம்தான் காரணம். ஏலம் என்றால், கடன் கொடுப்பவர்கள் 'இத்தனை வட்டிக்கு இவ்வளவு தருவேன்' என்று கேட்பார்கள், குறைவாகக் கேட்டவர்களில் இருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். 1 பில்லியன் ரூபா வேண்டும் என்று விளம்பரம் செய்துவிட்டு 10 பில்லியன் எடுத்தார்கள். கூட எடுக்க வேண்டுமென்றால் கூட வட்டி கேட்டவர்களையும் சேர்க்க வேண்டும்; அந்தக் கூடுதல் வட்டியை நாடு 30 வருடம் சுமக்க வேண்டும். பிழை ஏலம் நடந்த விதத்தில். முறி என்ற பொருளில் பிழையில்லை.

'விளைவு வீதம்' எண்டு ஒரு சொல் போடுறீங்க. வட்டி எண்டு சொன்னா என்ன குறைஞ்சிடும்?

குறையும். முறியில் அச்சிட்ட வட்டி மாறாது. ஆனால் அந்த முறியை வேறொருவர் இன்று வாங்க என்ன விலை தருகிறார் என்பது நாளுக்கு நாள் மாறும். இன்றைய விலையில் வாங்குபவருக்கு வருடத்துக்கு உண்மையில் எத்தனை வீதம் தேறுகிறது என்பதுதான் விளைவு வீதம்.

இதை நான் எப்போதும் நெல் மூடைக் கணக்கில் சொல்வேன். ஐப்பசியில் விதைக்கிற ஒருவர் உரக் காசுக்காக 'மாசி வெட்டில் ஒரு மூடை தருவேன்' என்று துண்டு எழுதித் தருகிறார். மாசியில் மூடை 6,000 ரூபா போகும் என்று வையுங்கள். மழை ஒழுங்காகப் பெய்தால் இன்று அந்தத் துண்டுக்கு 5,700 தருவீர்கள். உன்னிச்சைக் குளம் வான் பாய்ந்து வயல்வட்டை மூழ்கப்போகிறது என்று ஊர் பேசத் தொடங்கினால் 5,000 கூடத் தர யோசிப்பீர்கள். துண்டில் எழுதியது அதே ஒரு மூடைதான். உங்கள் பயம்தான் கூடியிருக்கிறது. பயம் கூடினால் விலை விழுகிறது. விலை விழுந்தால் அதை வாங்குபவருக்குக் கிடைக்கும் வீதம் ஏறுகிறது. விலையும் விளைவு வீதமும் எப்போதும் எதிர்த் திசையில்தான் போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவது முழுவதும் விளங்கும்.

இந்த வீதத்த ஆரு தீர்மானிக்கிறது? மத்திய வங்கிதானே?

கிட்டத்தில் உள்ளதை மத்திய வங்கி. தூரத்தில் உள்ளதைக் கடன் கொடுப்பவர்கள். வங்கிகளுக்கிடையே ஒரு நாள் இரவுக்குக் கைமாறும் பணத்தின் வட்டியைத்தான் மத்திய வங்கி நேரே பிடித்திருக்கிறது. 2024 நவம்பரில் இருந்து அதற்கு ஒரே கொள்கை வீதம். முதலில் 8 வீதமாக வைத்தார்கள், 2025 மே மாதம் 7.75 ஆக்கினார்கள். 91 நாள் உண்டியல் இதன் நிழலிலேயே நடக்கும். 10 வருட முறிக்கு வரும்போது மத்திய வங்கியின் கை எட்டாது. அங்கே பேசுவது பணவீக்கப் பயமும் அரசாங்கத்தின் வரவுசெலவும்.

பெரிய நாடும் இதற்குத் தப்பாது. 2022 செப்ரெம்பர் 23 ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம் காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் பெரிய வரிக் குறைப்பை அறிவித்தது. முறிகளை எல்லாரும் விற்க ஓடினார்கள், நீண்டகால விளைவு வீதம் பாய்ந்தது. 5 நாளில் அவர்களுடைய மத்திய வங்கியே இறங்கி முறி வாங்க வேண்டி வந்தது. அடுத்த மாதமே பிரதமர் பதவி விலகினார்.

வட்டி கூடினா நல்லம்தானே சேர்? 2022இல 30 வீதம் கிடைச்சதே, நாங்கதான் விட்டுட்டோம்!

இந்தக் கேள்விக்குத்தான் என் விறாந்தையில் அதிக நேரம் போகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. அந்த வருடக் கடைசியில் 91 நாள் உண்டியல் 33 வீதம் வரை போனது. 92,400 ரூபா கட்டினால் மூன்று மாதத்தில் 1 இலட்சம். மூடைக் கணக்கை ஞாபகப்படுத்துங்கள்: இவ்வளவு மலிவாக ஒருவன் துண்டு எழுதித் தருகிறான் என்றால், ஊர் அவன் வயலைப் பற்றி என்ன நினைக்கிறது? கூடுதல் வட்டி எங்களுக்கு யாரோ தந்த பரிசு இல்லை. 'இந்தக் கடன் திரும்பி வருமா, வந்தாலும் அந்தக் காசுக்கு அரிசி வாங்க முடியுமா' என்ற சந்தேகத்தின் விலை.

அரிசிக்கு வருவோம். 2021 செப்ரெம்பரில் 7 வீதத்தளவில் ஒரு வருட உண்டியல் வாங்கியவருக்கு, 100 ரூபா அடுத்த செப்ரெம்பரில் 107 ஆகி வந்தது. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த மாதப் பணவீக்கம் 69.8 வீதம். 100 ரூபாச் சாமான் 170 ரூபாவுக்குப் போய்விட்டது. வட்டியும் வாங்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார்.

அதே 2022 செப்ரெம்பரில் 30 வீதத்தளவில் வாங்கியவர் கதை தலைகீழ். அன்று எல்லாரும் 'பணவீக்கம் 70, வட்டி 30, நட்டம்தானே' என்று சொன்னார்கள். நானும் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 69.8 என்பது போன வருடத்துக் கணக்கு. உண்டியல் ஓடுவது வரப்போகும் வருடத்தில். 2023 செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. அவருக்கு 130 ரூபா வந்தது; 100 ரூபாச் சாமான் 101 ரூபா 30 சதம். ஆகவே வீதத்தைத் தனியே பார்க்காதீர்கள், காசு திரும்பி வரும் நாளில் விலைவாசி எங்கே நிற்கும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். அதை முன்கூட்டியே சரியாகச் சொன்னவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அரசாங்கம்தானே காசு அடிக்குது. பிறகு என்னத்துக்கு எங்களிட்டக் கடன் வாங்குது?

அடித்துப் பார்த்தார்கள். 2021 இல் பல மாதங்கள் உண்டியல் ஏலத்தில் 'இதற்கு மேல் வட்டி தரமாட்டோம்' என்று மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்தது. அந்த விலைக்குக் கடன் கொடுக்க ஆட்கள் வரவில்லை. விற்காமல் மிஞ்சிய உண்டியலை மத்திய வங்கியே புதுப் பணத்தால் வாங்கியது. அதன் கையில் சேர்ந்த உண்டியல்கள் ஒரு ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டின. ஆனால் பேப்பரில் வட்டி வீதம் 5, 6 என்று அழகாக இருந்தது.

எங்கள் வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடற்பக்கம் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஏறுவது வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரைக்காரனுக்குத்தான் தெரியும், அவனுடைய வயல்தான் முதலில் தாழும். 2021 இலும் அப்படித்தான். வீதத்தை அடைத்தார்கள், ஏறிய அழுத்தம் டொலர் விலையிலும் சாமான் விலையிலும் உடைத்துக்கொண்டு வந்தது. 2023 இன் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பிறகு, அரசாங்கத்தின் உண்டியலையும் முறியையும் ஏலத்தில் நேரே வாங்க மத்திய வங்கிக்கு அனுமதி இல்லை.

அப்ப மூணு மாசத்துக்கு 33, ஒரு வருசத்துக்கு 29 எண்டு இருந்திச்சே. கூட நாள் வைச்சாக் கூட வட்டிதானே வரவேணும்?

சாதாரணமாக ஓம். காசு கூட நாள் கட்டிக் கிடப்பதற்குக் கூலி அது. 2022 கடைசியில் அது தலைகீழானதற்கு இரண்டு காரணம். ஒன்று, இந்த உயரத்தில் வட்டி நிலைக்காது, இறங்கும் என்று காசுள்ளவர்கள் நினைத்தார்கள். 29 வீதத்தை ஒரு வருடத்துக்குப் பூட்டிவைக்கப் போட்டி வந்ததால் நீண்டதன் வீதம் அவ்வளவுக்கு ஏறவில்லை. மற்றது, அரசாங்கத்துக்கு உடனடிக் காசு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் 2 வருட வீதம் 10 வருட வீதத்தைத் தாண்டினால் பொருளாதார மந்தம் வருகிறது என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. பலமுறை சரியாக வந்தது. 2022 நடுப்பகுதியில் அப்படித் தாண்டியது, இரண்டு வருடம் போல அப்படியே நின்றது, எல்லாரும் காத்திருந்த மந்தம் அந்தக் காலத்தில் வரவில்லை. எனவே இதை வானிலை அறிவிப்பு மாதிரி எடுங்கள், பஞ்சாங்கம் மாதிரி எடுக்காதீர்கள்.

வட்டி குறைஞ்சா நாடு நல்லா இருக்கெண்டு அர்த்தமா?

இல்லை. குறைந்த வீதத்துக்கு மூன்று முகம் உண்டு. நம்பிக்கையால் குறையலாம்: 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் உறுதியான பிறகு எங்கள் வீதங்கள் இறங்கிய மாதிரி. அடைத்து வைத்ததால் குறையலாம்: மேலே சொன்ன 2021. ஆட்கள் செலவழிக்காமல், தொழில் நடக்காமல், கடன் கேட்க ஆளில்லாமல் குறையலாம்: ஜப்பானில் வருடக்கணக்காக அப்படி. அங்கே மத்திய வங்கி 2016 இல் வட்டியைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுபோய், 2024 மார்ச்சில்தான் மேலே எடுத்தது. எந்த முகம் என்று அறிய, பணவீக்கத்தையும் டொலர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை ஏல முடிவு வருதே, அதில எதைப் பார்க்கிறது?

எல்லாரும் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று தொகை இருக்கும்: எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவுக்கு விண்ணப்பம் வந்தது, எவ்வளவு ஏற்றார்கள். கேட்டதைவிட இரண்டு மடங்கு விண்ணப்பம் வந்து வீதமும் இறங்கினால், காசு வைத்திருப்பவர்கள் பயப்படவில்லை. விண்ணப்பம் வந்திருந்தும் கேட்டதை முழுக்க எடுக்காமல் விட்டால், கடன் கொடுப்பவர்கள் கூடக் கேட்கிறார்கள், அரசாங்கம் இறங்கவில்லை. அடுத்த வாரங்களில் வீதம் ஏறலாம். 'அடிப்படைப் புள்ளி' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், 100 புள்ளி ஒரு வீதம்.

எங்க போய் வாங்குறது? கொழும்புக்குப் போகணுமா?

தேவையில்லை. ஏலத்தில் நேரே கேட்பவர்கள் முதனிலை வணிகர்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி உட்படச் சில வங்கிகளும் சில தனிக் கம்பனிகளும். நாங்கள் அவர்கள் மூலம் வாங்குவோம். கடதாசிப் பத்திரம் வராது. உங்கள் பெயரில் மத்திய வங்கியின் இலத்திரனியல் பதிவில் கிடக்கும். அந்தப் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

நான் இருந்த ஒரு கிளையில், உண்டியல் கேட்டு வந்த ஓய்வூதியக்காரரிடம் 'அதெல்லாம் கம்பனிகளுக்கு' என்று சொல்லி நிலையான வைப்பில் போடவைத்ததைப் பார்த்திருக்கிறேன். கிளைக்கு வைப்பு இலக்கு இருந்தது, அதுதான் விசயம். யாராவது அப்படிச் சொன்னால் இன்னொரு கிளைக்குப் போங்கள். வட்டியில் முற்பண வருமான வரி வெட்டுவார்கள். 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர்கள் வரி வெட்டாமல் இருக்கப் பிரகடனம் கொடுப்பது பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

நிலையான வைப்பை விட இது பாதுகாப்பா?

வங்கி விழுந்தால், வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைதான் கிடைக்கும். உண்டியலில் அந்த எல்லை இல்லை, முழுத் தொகைக்கும் அரசாங்கமே பொறுப்பு. அரசாங்கமே தடுமாறினால் என்ன என்பது அடுத்த கேள்வி.

கடன் மறுசீரமைப்பெண்டு எங்கட ஈ.பி.எஃப் காசில கை வைச்சாங்களே. நாளைக்கு என்ட உண்டியலிலயும் வைக்கமாட்டாங்களா?

நியாயமான பயம். 2023 ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது உள்ளூரில் வாங்கிய கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றுவது, அறிவிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியம் (ஈ.பி.எஃப்) போன்ற ஓய்வு நிதியங்கள் தங்கள் முறிகளை, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தரும் புது முறிகளாக மாற்றின. மாற்றாவிட்டால் வரி 14 இலிருந்து 30 வீதமாகும் என்று நெருக்கினார்கள். மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்களும் முறிகளாக மாற்றப்பட்டன. தனியாட்களின் உண்டியலையும் முறியையும், வங்கிகளிடம் இருந்த முறிகளையும் தொடவில்லை.

நாளைக்கும் தொடமாட்டார்கள் என்று நான் எழுதித் தரமுடியாது. ஆனால் ஒரு அரசாங்கம் சொந்த ரூபாக் கடனை அநேகமாகச் சத்தமில்லாத வழியில்தான் குறைத்துக்கொள்ளும். சொன்ன ரூபாவை ஒரு சதம் குறையாமல் தரும், ஆனால் அந்த ரூபாவின் பெறுமதி போயிருக்கும். 107 ரூபாக் கதை அதுதான். தொழிலாளியின் நிதியத்தில் கை வைத்ததை நான் நியாயம் என்று சொல்லவில்லை. ஏலத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவனிடம் எடுத்தார்கள்.

டொலர் முறியும் இதுவும் ஒண்டா?

இல்லை. டொலரை எங்களால் அடிக்க முடியாது. எல்லா வித்தியாசமும் அதிலிருந்து வருகிறது. 2007 இல் இலங்கை முதல் தடவையாக 50 கோடி டொலருக்குச் சர்வதேச முறி வெளியிட்டது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. 2021 இல் உள்ளூர் உண்டியல் 5, 6 வீதம் என்று அமைதியாக இருந்தபோது, வெளிநாட்டில் எங்கள் டொலர் முறிகள் பெரிய கழிவில் விற்கப்பட்டன. நீண்ட முறிகள் 100 டொலருக்கு 60, 65 என்று போயின. முகத்துவாரத்தின் இந்தப் பக்கத்தை அடைத்தார்கள், அந்தப் பக்கத்தை அடைக்க முடியவில்லை. 2022 ஜனவரியில் வந்த 50 கோடித் தவணையைக் கட்டினார்கள். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். எரிபொருள் வரிசையில் நின்றபோது எங்களுக்குத் தெரிந்ததை, அந்த முறிகளின் விலை ஒரு வருடத்துக்கு முதலே சொல்லிக்கொண்டிருந்தது.

அஞ்சு வருச முறி வாங்கி, இடையில காசு தேவைப்பட்டா?

விற்கலாம், விலைக்கு உத்தரவாதம் இல்லை. என் மைத்துனர் ஒருவர் 10 வீதக் கூப்பனில் 5 வருட முறி வாங்கினார். சிறிது காலத்தில் வீதங்கள் 20 ஐத் தாண்டின, அதே நேரம் மகளின் கலியாணமும் வந்தது. 20 வீதம் எதிர்பார்க்கிறவர் அந்த 100 ரூபா முறிக்கு 69 ரூபாதான் தருவார். 10 வருட முறியென்றால் 57. வீதம் 8 க்கு இறங்கியிருந்தால் அந்த 10 வருட முறி 113 க்கு மேல் போயிருக்கும். மைத்துனர் அதை விற்காமல் மனைவியின் நகையை அடகு வைத்தார், முறி முதிரும்போது முழுக்காசும் எடுத்தார். தவணை வரை பொறுக்க முடியாத காசை நீண்ட முறியில் போடாதீர்கள், அதற்கு 91 நாள் உண்டியல் போதும்.

நாங்க வட்டி தொடுறதில்ல. எங்களுக்கு இந்தக் கதையெல்லாம் எதுக்கு?

காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டது. நீங்கள் தொடாவிட்டாலும் அது உங்களைத் தொடும். 2023 இல் அரசாங்கத்தின் வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வட்டிக்கே போனது. மிச்சக் காசில்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், உர மானியம். போதாததற்கு 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 18 வீதமாக்கினார்கள். உங்கள் கடைப் புடவையிலும் அந்த வட்டி இருக்கிறது. விளைவு வீதம் இறங்கினால் பழைய கடனை மலிவாகப் புதுப்பிக்கலாம், அந்தச் சுமை மெல்ல இறங்கும்.

ஒருத்தர் மாசம் 5 வீதம் தாறன் எண்டுறார். போடட்டா?

வருடத்துக்கு 60 வீதம். நாடே தள்ளாடிய 2022 இல்கூட அரசாங்கம் 33 தான் தந்தது. அவர் நிலைமை அதைவிட மோசமா என்று அவரிடமே கேளுங்கள்.

சரி, கடைசியாச் சொல்லுங்க. இப்ப போடுறதா, வட்டி ஏறும் வரைக்கும் பொறுக்கிறதா?

தெரியாது. தெரிந்தவர் மாதிரி பேசுபவர்களை 2022 இல் நிறையப் பார்த்தேன், மேலே சொன்னபடி நானும் அதில் ஒருவன். களுவாஞ்சிகுடியில் இருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு நான் சொன்னது, காசை மூன்றாகப் பிரித்து 91, 182, 364 நாளில் போடுங்கள், ஒவ்வொன்றும் முதிரும்போது அன்றைய வீதத்தைப் பார்த்து மறுபடி போடலாம் என்று. ஏறினாலும் ஒரு பங்கு ஏற்றத்தைப் பிடிக்கும். இறங்கினாலும் ஒரு பங்கு பழைய வீதத்தில் பூட்டிக்கிடக்கும். அவர் ஒரு கொப்பியில் மூன்று திகதியையும் எழுதி, பக்கத்தில் அன்றைய அரிசி விலையையும் எழுதிக்கொண்டு போனார். முதல் தவணை பங்குனியில். அன்றைக்குக் கொப்பியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.